ஒன்பதாவது ஓட்டு

‘நாச்சியம்மாள், வயது 41, பழங்குடியினர் (பெண்). கல்வி: இல்லை. தொழில்: இல்லை. அரசியல் அனுபவம்: இல்லை. தொடர் வழிகாட்டுதல் தேவைப்படும் உறுப்பினர்.’ புதிய வார்டு உறுப்பினர்களுக்கான பயிற்சிப் பட்டியலில் இப்படித்தான் இருந்தது.

பண்ணைக்காட்டுக்குக் கீழே உள்ள அந்த ஊராட்சியில் ஒன்பது வார்டுகள். உள்ளூர்த் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. யார் எந்தக் கட்சி என்று தெரியாத ஆளும் கிடையாது. காப்பித் தோட்டக்காரர் பொன்னுவேல் பக்கம் நாலு உறுப்பினர்கள், மிளகு வியாபாரி ஞானவேல் பக்கம் நாலு. துணைத் தலைவர் யார் என்பது ஒன்பதாவது ஓட்டில் நின்றது. இருபத்திரண்டு வீடுள்ள பளியர் குடியிருப்பின் உறுப்பினர் நாச்சியம்மாளின் ஓட்டு அது.

குடியிருப்புக்கு வேண்டியது தண்ணீர். மேலே இருக்கும் ஊற்றிலிருந்து பொன்னுவேலின் வார்டுக்குப் போகும் குழாய் இவர்கள் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. குடியிருப்புத் தொட்டிக்குப் பிரியும் கிளைக் குழாயின் வால்வைத்தான் யாராவது அடைத்துவிடுவார்கள். ஐந்து வருடமாக அந்த ‘யாராவது’ அகப்படவில்லை.

அதுவரை “ஏ பிள்ள” என்று கூப்பிட்ட ஞானவேல் முதலில் வந்தார்.

“தங்கச்சி, ஒங்களுக்குன்னு தனியா ஒரு தொட்டி கட்டித் தாரேன்.”

“தனித் தொட்டி காஞ்சு கெடந்தா ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

“நீ சொல்லு, வந்துட்டுப் போறேன்.”

“இப்ப அடைச்சதையும் சொன்னோமே.”

மறுநாள் பொன்னுவேல். அவரும் “தங்கச்சி” என்றார்.

“தங்கச்சின்னா கயிறு பிடிக்கணும்ல, அண்ணே” என்றார் நாச்சியம்மாள்.

பொன்னுவேலுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த நாச்சியம்மாளின் அண்ணன் சங்கிலி விளக்கினார். நாச்சியம்மாளின் கணவர் கருப்பசாமி பாறையில் தேனெடுக்க இறங்கும்போது மேலே கயிறு பிடிப்பது சங்கிலிதான். மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கை நழுவினால் தாலியறுப்பது அவன் தங்கை.

“இதுக்கும் தண்ணிக்கும் என்னய்யா சோலி?”

“ஊத்துத் தண்ணி மொதல்ல எங்க தொட்டியில விழணும். அது நெறஞ்சு வழியிறது ஒங்க வார்டுக்கு வரட்டும்” என்றார் நாச்சியம்மாள்.

“எங்க நூத்தம்பது வீடும் ஒங்க தொட்டியப் பாத்துட்டு ஒக்காரணுமா?”

“நாங்க இத்தன வருசம் ஒங்க வால்வப் பாத்துட்டுத்தான இருந்தோம். குழாயத் திருப்புங்க, பெறகு ஓட்டு.”

“ஓட்டுப் போட்ட மறுநாளே செஞ்சுதாரேன்.”

“கயித்தக் கட்டிட்டுத்தான் எறங்குவாக.”

ஞானவேல் அவசரமாகத் திரும்பி வந்து இரண்டு தொட்டி என்றார். ஊர்ப் பெரியவர்கள் நாச்சியம்மாளுக்கு அரசியல் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்கள். துணைத் தலைவர் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. ஊராட்சித் தலைவரின் சம்மதத்தோடு மூன்றாம் நாள் பொன்னுவேலே நின்று குழாயைத் திருப்பினார். ஐந்துக்கு நாலு என்று ஜெயித்தார்.

அடுத்த கோடையில் காட்டுமாடு முட்டித் தொட்டி விரிசல் விட்டது. யாரும் மனு எழுதவில்லை. வெள்ளனே பொன்னுவேல் கொத்தனாரோடு வந்து நின்றார். அவர் கடமையுணர்ச்சியைப் பாராட்டி ஒன்றியக் கூட்டத்தில் பேசினார்கள். பட்டியலில் நாச்சியம்மாள் இன்னும் வழிகாட்டுதல் தேவைப்படும் உறுப்பினர்தான்.

அவர் செய்தது இது: ஓட்டுப் போடுவதற்கு முன்பே, பொன்னுவேல் வார்டின் குடிநீரைத் தன் குடியிருப்புத் தொட்டி வழியாகப் போக வைத்தார்.