மகளுக்குப் போட்ட பரோட்டா

காந்திபுரத்தில் ஒரு கடையில் பரோட்டா போடுகிறேன். அதற்கு முன் லாரி கிளீனர், அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்குப் புல் சுமந்தவன், இன்னும் என்னென்னவோ. படிப்பு எட்டாவதோடு நின்றது. வயிற்றுப்போக்கு மட்டும் போன ஊருக்கெல்லாம் கூடவே வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபோது பிரெட்டும் பாலும் கொடுத்தார்கள், இன்னும் மோசமானது. தண்ணீர் சேரவில்லை என்று சொல்லிக்கொண்டு ஊர் மாறினேன்.

கடையில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோவேன். மகள் ஆசையாகத் தின்பாள். அவளுக்கும் வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, ரத்தசோகை வந்தது.

"ஏனுங் மாஸ்டரே, உங்க பரோட்டா உங்க ஊட்டுக்கே சேரலைன்னா எங்க கதி என்னங்க?" என்று சப்ளையர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகுதான் உறைத்தது, எனக்கும் மகளுக்கும் சேராதது இந்த மாவுதானோ என்று.

மனைவியிடம் சொன்னேன். பெரிய டாக்டரிடம் போகுமுன் வயிறு சுத்தமாக இருக்கட்டும் என்று அன்றே பத்தியம் வைத்தாள். அரிசிக் கஞ்சி, ராகிக் களி, மோர். ஆடியில் தொடங்கியது, தை பிறந்துதான் போக முடிந்தது. அதற்குள் மகளுக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. மனைவி கும்பிட்டாள்.

டாக்டரம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னோம்.

"கோதுமைய நிறுத்திப்போட்டு வந்தா ரத்தத்துல என்னங்க தெரியும்?"

சீலியாக் என்றொரு நோய். கோதுமை உள்ளே போனால், மைதாவும் அதுதான், உடம்பே தன் குடலை அரிக்குமாம். அதுவென்றால் ஆயுசுக்கும் ஒரு துணுக்கு கூடாது, வளர்ச்சியையும் எலும்பையும் கவனிக்க வேண்டும், என்னையும் சோதிக்க வேண்டும். குடலை அரிக்காமல், கோதுமை வெறுமனே சேராமல் படுத்துவதும் உண்டு. அதைக் காட்டத் தனிப் பரிசோதனை கிடையாது. சீலியாக் இல்லையென்று உறுதியானால்தான் அந்த முடிவுக்கே வர முடியும். இரண்டுக்கும் வலி ஒன்றுதான். பிரித்துச் சொல்ல, சில வாரம் தினமும் கோதுமை தின்றுவிட்டு வர வேண்டும்.

"தேறி வந்த புள்ளைக்கு மறுக்கா அதையே குடுக்கோணுங்களா?" என்றாள் மனைவி. டாக்டரம்மா ஆமென்று தலையசைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டிலேயே மாவு பிசைந்து, வீசி, சுட்டு, மகளின் தட்டில் வைத்தேன்.

"அப்பா, இது எனக்குச் சேராதுன்னீங்களே?"

"டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, தின்னு கண்ணு."

பிய்த்துத் தின்றாள். மாதக்கணக்கில் களி தின்ற வாய். இன்னொன்று கேட்டாள். போட்டேன்.