டயருக்குள் தோல்

செருப்புப் போட்ட காலில் முள் ஏறாது. ஆகவே டயருக்குள் தோல் வைத்தால் சைக்கிளுக்கும் ஏறாது என்று பன்னிரண்டு வயதில் மனமார நம்பினேன். ஆம்பூர்க்காரனுக்கு வேறெப்படி யோசனை வரும்? எங்கள் தெருவில் கதவுக்குக் கீல் போனாலும் தோலைத்தான் வெட்டி அடிப்பார்கள்.

அந்த வருஷம் மாமாவும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் காவேரிப்பாக்கம் ஏரி வரை போய்வருவதாக ஏற்பாடு. மாமா ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர். அம்மா ஒரே நிபந்தனையோடு சம்மதித்திருந்தாள்: வழியில் ஏதாவது ஆனால் பஸ் பிடித்துத் திரும்பிவிட வேண்டும், அதற்கப்புறம் வீட்டில் சைக்கிள் பேச்சே கூடாது.

டயர் வாங்கும்போதே தகராறு. மெல்லிய டயர்தான் பறக்கும் என்றேன். மூட்டையும் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் போக அகல டயர்தான் தாங்கும் என்று மாமா தடித்ததையே எடுத்தார். ரிம்மைச் சுற்றிவிட்டு, கம்பிகளை முறுக்கி பெண்டு எடுக்க அவருக்கு அரை நாள் ஆனது. டயர் மாட்டும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார். நான் சும்மா இருப்பேனா? வீட்டிலிருந்த கழிவுத் தோலைப் பட்டை பட்டையாக வெட்டி, நான்கு டயருக்குள்ளும் வைத்து, யாரிடமும் மூச்சு விடாமல் மாட்டிவிட்டேன்.

பள்ளிகொண்டாவை எட்டுவதற்குள் என் பின்சக்கரம் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மாமாவுடையதும். இரண்டையும் உருட்டிக்கொண்டு ரோட்டோரப் பஞ்சர் கடைக்குப் போனோம். பஸ், அம்மா, ஒழிந்தது சைக்கிள். பயத்தில் என் மூளை படுவேகமாக வேலை செய்யும். வியாபாரத்துக்காகப் பஞ்சர் கடைக்காரர்தான் ரோட்டில் ஆணி போட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நிற்காமல் அவரிடமே சொல்லியும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. டயரைக் கழற்றி, உள்ளேயிருந்து தோல் பட்டையை உருவித் தூக்கிக் காட்டினார்.

"இன்னா நைனா, டயருக்கு செருப்பு தைச்சு வெச்சிருக்கீங்க? இதோ, இந்த ஓரந்தான் டியூபை அறுத்திருக்குது."

"புது டயர்ல அப்படித்தான் வரும்போல," என்றேன்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு டியூபிலும் பஞ்சர் ஒட்ட இடமில்லாத அளவுக்குக் கிழிசல்.

"ஆம்பூர் பஸ் எப்பண்ணே வரும்?" என்று மட்டும் கேட்டார்.

பஸ் கூரையில் சைக்கிள்கள் படுத்துக்கொண்டு வந்தன. ரோடெல்லாம் முள் என்று அம்மாவிடம் மாமாவே சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெரிய மனசை நினைத்து எத்தனையோ வருஷம் உருகியிருக்கிறேன்.

போன மாதம் என் மகள் ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போக டயர் தேடிக்கொண்டிருந்தபோது, மாமா தானாகவே வாயைத் திறந்தார். ஏரிக்குக் கிளம்பிய அன்று காலை காற்றடிக்கும்போது டயர் ஒரு பக்கம் புடைத்திருந்ததைக் கண்டு, அவர் தன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே தோல். நல்ல யோசனையாகப் பட்டதாம். இன்னொரு பட்டையும் சேர்த்து வைத்து மாட்டியிருக்கிறார்.