மலைத்தீவில் எனக்குக் கிடைத்த மச்சான்

பிள்ளையள், அப்பா பசிபிக் கடலில் காட்டு மனிதர்களைப் பார்த்து வந்தவர் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் சொல்லித் திரிகிறீர்கள். கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நான் அங்கே பார்த்தது சொந்தக்காரரைத்தான். அதனால்தான் பேனை எடுத்தேன்.

அப்போது நாங்கள் கியூபெக்கில், லாசாலில் இருந்தோம். நான் ஒரு கியூபெக்காரரிடம் குழாய் பொருத்தும் வேலை செய்தேன். அறுபது வயது தாண்டியும் என்னைவிட வேகமாக ஏணியில் ஏறுவார். அவருடைய மாதா கோயில் சுவாமியார் முன்பு வனுவாட்டு நாட்டில் இருந்தவர். அங்கே ஒரு தீவில், மலை ஊர் ஒன்றுக்குத் தண்ணீர்க் குழாய் போட ஆள் கேட்டார். அங்கேயும் பிரெஞ்சு தெரிந்தவர்கள் உண்டு.

முதலாளி, "நீ வெயிலுக்குப் பழகினவன், வா" என்றார்.

உங்கட அம்மா, "பனி வழிக்க அலுப்புப்பட்டு வெயில் காயப் போறியளோ?" என்று கேட்டுவிட்டு, சூட்கேசில் மிளகாய்த்தூளும் வைத்துவிட்டா.

கடைசி விமானம் புல்லில் இறங்கியது. பிறகு வள்ளம், பிறகு ஏற்றம். கரையில் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தன. மேலே இருந்தவர்கள் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்களுக்கு எங்கட முறையே போதும்" என்று இருந்தவர்கள். பெண்கள் புல் பாவாடை, ஆண்கள் மரப்பட்டையில் செய்த கச்சை. கூரை ஓலை நிலத்தைத் தொடும். தண்ணீருக்குப் பெண்கள் மூங்கில் குழாய்களைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். ஊருக்கு மேலே நல்ல ஊற்று ஒன்று இருந்தது. அங்கிருந்து குழாய் இறக்கினால் அந்தத் தோள்களுக்கு ஓய்வு.

ஆனால் சொந்தமில்லாத ஆள் அந்த ஊரில் மண்வெட்டி தொடக்கூடாது. முதலில் முறை சொல்லவேண்டும். எங்களைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் கரையில் பிரெஞ்சு படித்தவர். அவர் என்னைத் தம்பி என்றார், நான் அவரை அண்ணை என்றேன். முடிந்தது. முதலாளிக்குத்தான் தலை சுற்றியது.

"இந்த ஆளுக்கு மூன்று அப்பாவாம்," என்று என் காதுக்குள் சொன்னார். "அது எப்படி?"

"எனக்கும் மூன்று பேர். அப்பா, பெரியப்பா, சித்தப்பா."

"தாயின்ர சகோதரன்?"

"அவர் அப்பா இல்லை, மாமா. மாமாவின்ர பிள்ளை மச்சான், மச்சாள்."

அண்ணை என்னை வியப்பாகப் பார்த்தார். "உங்கட ஊரிலயும் இப்பிடித்தானோ?"

"ஓம்" என்றேன். எனக்குப் பெரிய பெருமை. அதுதான் பிழையாய்ப் போனது.

அண்ணையின் மனைவிக்கு ஒரு தம்பி. அப்படியென்றால் எனக்கு மச்சான். ஊற்று இருந்தது அவருடைய தோட்டத்தில். அண்ணையின் சின்ன மகள் அவரைக் கண்டால் சும்மா விடமாட்டாள். "மாமா வயிறே, எங்க போறாய்?" என்று கேட்டு வாழைப்பழத் தோலை எறிவாள். அவர் சிரித்துக்கொண்டு போவார். லவாலில் இருக்கிற உங்கட மாமாவும் நானும் சந்தித்தால் எப்படி? அவருடைய மொட்டையைத் தடவாமல் நான் சோற்றில் கை வைத்திருக்கிறேனா? மருமகளே இவ்வளவு பகிடி விட்டால் மச்சானுக்கு எவ்வளவு உரிமை இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன்.

அடுத்த நாள் அவர் ஆளுயரக் கிழங்கு ஒன்றைச் சுமந்து வந்தார். எங்கட இராசவள்ளிக் கிழங்கின் இனம். நான், "மச்சான், நீ கிழங்கைத் தூக்குறியோ, கிழங்கு உன்னைத் தூக்குதோ?" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கிழங்கை மெல்ல இறக்கி வைத்தார். திரும்பி நடந்து போய்விட்டார். தண்ணீர் கொண்டுவந்த பெண்கள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்கள். பின்னேரம் போய்ப் பார்த்தால், தோட்ட வாசலில் ஒரு தடி நட்டு அதில் பச்சை ஓலை கட்டியிருந்தது. ஓலை கட்டினால் ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது.

"மாமாவைப் பகிடி பண்ணலாம்," என்றார் அண்ணை. "மச்சானைப் பண்ணக்கூடாது. அவன்ர தலையைத் தொடக்கூடாது, பேரைச் சொல்லக்கூடாது, நேர பாக்கவும் கூடாது. பெண் தந்த வீடெல்லோ."

"எங்கட ஊரில இது தலைகீழ், அண்ணை."

"அப்ப உங்கட ஊரில மச்சான்மார் பாவங்கள்."

நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். பேசினால் இரண்டாவது பிழை. ஒரு சேவல், ஒரு பாய், அவர்கள் குடிக்கிற கவா வேர் ஒரு கட்டு, இவ்வளவும் போகவேண்டும். கொண்டுபோய்ப் பேசக்கூடிய ஆள் மருமகள்தான். அந்தச் சின்ன மகள் சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள். பாயையும் வேரையும் அண்ணை சுமந்தார். நான் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலாளிதான் நடுவில் நின்று, அவள் பேசப் பேச அண்ணையிடம் கேட்டு எனக்குச் சொன்னார்.

"மாமா, உன்ர தலை என்ன முட்டையோ, தொட்டால் உடைய? அந்தாளுக்கு ஒண்டும் தெரியாது. தூரத்து ஆள். அம்மாவுக்குத் தோள் நோகுது. நீயோ தண்ணி சுமக்கிறாய்? ஓலையைக் கழட்டு."

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். என் முதுகும் குலுங்கியிருக்கும். மச்சான் சேவலை வாங்கிக்கொண்டார்.

விடிய வாசலில் ஓலை இல்லை. நாங்கள் ஊர்ப்பக்கமிருந்து குழாய் புதைக்கக் கான் வெட்டத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் மேலே ஊற்றடியிலும் மண் விழுகிற சத்தம் கேட்டது. மச்சான் அங்கிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கிட்டக் கிட்ட வர, அவர் எனக்கு முதுகைக் காட்டி வெட்டினார். நானும் திரும்பி நின்று வெட்டினேன். கான் வளைந்து போகும் என்று முதலாளி கத்திக்கொண்டு நடுவில் ஓடித் திரிந்தார்.

"அவர் இன்னும் கோபமோ?" என்று நான் அண்ணையைக் கேட்டேன்.

"கோபமெண்டால் வந்திருக்க மாட்டான். இது மரியாதை. நல்லா வெட்டு."

குழாய் பொருத்தித் திறந்த அன்று முதலில் காற்றுத்தான் வந்தது, பேந்து சேறு, பேந்து நல்ல தண்ணீர். அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள், மூங்கிலைப் பிடித்தா. நிரம்பி வழிந்தும் எடுக்காமல் நின்றா. சின்ன மகள் இரண்டு கையாலும் அள்ளி மாமாவின் வயிற்றில் எறிந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தது எனக்குக் கேட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வாழை நின்றது. நான் அதன் இந்தப் பக்கத்தில் நின்றே சிரித்தேன்.