இரண்டாம் முறை கேட்டவள்

கஜா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு கடையில் நின்று இட்லிப்பொடிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பேசியது சுகுணா. நாயுடுபேட்டைக்காரி, பதற்றம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவாள். அன்று நிதானமாகத் தமிழில் பேசினாள், அதிலேயே ஏதோ கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அமுதா, கஜா போயிட்டா."

"எங்க?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

"காலைல குளிக்கப் போனவ விழுந்துட்டா. தலைக்குள்ள ரத்தக்குழா வெடிச்சிடுச்சாம்."

பாக்கெட்டை எங்கே வைத்தேன், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் உங்கள் எல்லாருக்கும் கஜாவைத் தெரியும். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், சித்தூர்க்காரி, கடைசி சீட்டு வரை கேட்கும் குரல். அவள் திட்டாத டிரைவர் இல்லை, அவள் கையால் ஊறுகாய் வாங்காத ஆளும் இல்லை. நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாதது. ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உயிரோடு வீடு திரும்பியது அவளால்தான்.

எனக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துளி உள்ளே போனால் போதும், உதடு தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நின்றுவிடப் பார்க்கும். சிறுவயதில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். போளூர்க்காரிக்கு வருகிற வியாதியா இது? எங்கள் ஊரைச் சுற்றி மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகள்தான். கல்யாணப் பந்தி என்றால் பயம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பொட்டலம் பிரித்தால் பயம். அந்தப் பயத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் நான் திருப்பதிக்கு வேலைக்கு வந்தேன்.

வந்த மூன்றாம் வாரம் கஜா கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு டிபன் துன்னப் போறோம். நான், சுகுணா, பர்வீன். ரூம்ல உக்காந்துக்கினு இன்னாமே பண்ணப் போற? வா." மறுக்கத் தெரியாமல் போனேன். தோசை வந்தது, கூடவே வெள்ளையாக ஒரு சட்னி. சப்ளையரிடம், "இதுல வேர்க்கடலை இருக்கா?" என்று தமிழில் கேட்டேன். தமிழ் பாதிதான் புரிந்த அவர், "லேதம்மா, பல்லி சட்னி" என்றார், இல்லையாம். பல்லியா! சுவரில் ஊர்கிற பல்லிதான் எனக்கு ஞாபகம் வந்தது. தெலுங்கு ஊரில் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே தோசையைத் தோய்த்து வாயருகே கொண்டுபோனேன். பளாரென்று என் கையில் ஒரு அடி விழுந்தது.

"ஏமே, இப்பத்தானே வேர்க்கடல இருக்கான்னு கேட்ட? பல்லின்னா அதுதான்! புடிக்காதா, ஆவாதா?"

"ஆகாது. செத்துடுவேன்."

கஜா எழுந்து நான்கு சட்னிக் கிண்ணங்களையும் எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தாள். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கை கழுவ வைத்தாள். திரும்பி வந்து விரல்விட்டு எண்ணினாள். "ஓட்டல்ல பல்லி. எங்க ஊர்ல சனக்காய். உங்க ஊர்ல மல்லாட்ட. உன்னச் சாவடிக்க வர்றவனுக்கு எத்தினி பேரு பாரு!" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று வெறும் தோசையைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கே சாப்பிடுவது என்று முடிவுசெய்வது அவள் வேலையாயிற்று. நூறடிக்குள் ஆஸ்பத்திரி இல்லாத தெருவில் அவள் எங்களை உட்காரவிட்டதில்லை. "தோச நல்லா இருந்து இன்னா பண்றது, டாக்டர் தூரமா இருந்தா?" என்பாள். ஒருநாள் பர்வீன் போனில் எதையோ பார்த்துவிட்டு, நாம் செய்வதற்குப் பெயர் பிரஞ்ச் என்றாள். "காலைலயும் துன்னாம, மத்தியானமும் துன்னாம, நடுவுல துன்றதுக்கு ஒரு பேரா? எங்க நைனா இத சோம்பேறித்தனம்னுவாரு" என்றாள் கஜா. ஓட்டலே திரும்பிப் பார்த்தது.

அவளுடைய முறை ஒன்று உண்டு. சப்ளையரிடம் கேட்பாள். அவர் இல்லை என்றதும் எழுந்து சமையலறை வாசலுக்கே போய் மாஸ்டரிடம் இன்னொரு தரம் கேட்பாள். பிறகு வந்து, எல்லாவற்றிலும் தான் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் தள்ளுவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒருமுறை சித்தூரில், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ராகி சங்கடி என்கிற கேழ்வரகுக் களி போடும் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தோம். களியும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. "பல்லி உந்தா?" என்று, கடலை இருக்கிறதா எனக் கேட்டாள். சப்ளையர், "லேதம்மா" என்றார். எனக்குப் பசி. "அதான் சொல்லிட்டாரே, உக்காரு கஜா" என்றேன். அவள் காதில் வாங்காமல் சமையலறை வாசலுக்குப் போனாள். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த ஓட்டல்கார அம்மா சிரித்த சிரிப்பு வெளியே கேட்டது. "சனக்காய் வேயகுண்டா குத்தி வங்காயா?" வேர்க்கடலை போடாமல் கத்தரிக்காய்க் குழம்பு உண்டா என்று கேட்கிறார். சப்ளையர் சட்னியை மட்டும் நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். என் விரல்கள் களியில் இருந்தன, குழம்பு அரை அங்குலம் தள்ளி இருந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கஜா இலையை இழுத்து மடித்தாள். "ஒருத்தர் இல்லன்னா நம்பாதமே. ரெண்டாவது தபா கேளு. மொத தபா எல்லாரும் வாய்க்கு வந்தத சொல்வாங்க" என்றாள்.

இதை எழுதும்போது கை ஓடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். போன சில மாதங்களாக அவள் டிபன் வருவதற்கு முன்பே காபி கேட்பாள், நெற்றியை அழுத்திக்கொள்வாள். "தலை வலிக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லமே, வெயிலு" என்றாள். சரி என்று என் தட்டைப் பார்த்தேன். நான்கு பேரும் என் தட்டைத்தான் பார்த்தோம். சாவு வந்தால் அந்த வழியாகத்தான் வரும் என்று எல்லாரும் அங்கேயே காவல் இருந்தோம்.

துக்கத்துக்குப் போனபோது அவள் கணவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "பிபி ஏறிக்கினு இருக்குது, மாத்திரை உடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரும்மா. பஸ்ஸுல தூக்கம் வருதுன்னு உட்டுட்டா. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்றார். சொன்னாள், ஒன்றுமில்லை என்று சொன்னாள், நான் நம்பிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையை ஆட்டினேன். பர்வீன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதே முதல் ஓட்டலுக்குப் போனோம். போகாவிட்டால் இனி எந்த ஓட்டலுக்கும் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். தோசை வந்தது. சட்னி வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கூடவே சாம்பார் மட்டும் வந்தது, அதை ருசி பார்க்க யார் கையும் நீளவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. சப்ளையரிடம் கேட்டேன். பிறகு சமையலறை வாசலுக்குப் போனேன். "பல்லி உந்தா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் கேட்டேன். மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "லேதம்மா. ஆ அம்மா ராலேதா?" அந்த அம்மா வரவில்லையா என்கிறார்.

மேசைக்குத் திரும்பினால் பர்வீன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ணுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"பர்வீன், என்ன பண்ணுது?"

"படி ஏறினா மூச்சு வாங்குது அமுதா. ஒரு மாசமா. யார்கிட்டயும் சொல்லல."

தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம். ஆஸ்பத்திரி அதே தெருவில்தான் இருந்தது. கஜா பார்த்து வைத்த ஓட்டல் அல்லவா.

என் பயம் போகவில்லை. முன்பு எனக்காக மட்டும் பயந்தேன், இப்போது பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பயப்படுகிறேன். கஜாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவளுடைய இரண்டாவது கேள்விதான். அவளிடம் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு விட்டேன். உங்களிடம் அப்படி விடமாட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் நான் கேட்கும்போது சலித்துக்கொள்ளுங்கள், திட்டுங்கள், ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.