ஆயிரத்து நூறு அடித் தண்ணீர்

காலை ஏழே முக்கால். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ராசிபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். மடியில் ஒரு பெட்டி, அதற்குள் சுத்தம் செய்து மூடிய ஆறு பாட்டில்கள். பக்கத்து இருக்கைக்காரர் மல்லூர் வரை பொறுத்தார், அதற்குமேல் முடியவில்லை.

"பெட்டியில என்னங்க, ஊசி மருந்துங்களா?"

"காலி பாட்டில்ங்க. போர்த் தண்ணி புடிக்கப் போறேன்."

விடாமல் கேட்டதால் விளக்கினேன். ஆயிரம் அடிக்குக் கீழே வெயில் எட்டாது. அங்கேயும் பாறை இடுக்குத் தண்ணீரில், கல்லிலிருந்து கிடைப்பதைத் தின்று கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாழ்கின்றன. இங்கே அப்படிப் பிழைக்க முடியுமென்றால், செவ்வாய்க் கிரகத்துப் பாறைக்கு அடியிலும் ஏதாவது பிழைத்துக் கிடக்கலாம். அந்தத் தேடல்தான் என் வேலை.

"செவ்வாய்ல போர் போடோணும்னாலும் நம்ம திருச்செங்கோட்டு வண்டிதானுங்க போவோணும்," என்றார் சிரிக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அப்பா நினைவும் வந்தது. ஆழ்துளைக் கிணறு போடுவதற்குப் பேர்போன திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் அவர் டிரில்லராக இருந்தவர். வருஷத்தில் பாதி நாள் ஆந்திரா, ராஜஸ்தான் என்று எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பும்போது பொம்மை வராது, புதுப் போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் வரும். "குடிச்சுப் பாத்து எந்த ஊருன்னு சொல்லு சாமி" என்பார். கண்ணை மூடிக் குடித்து வாய்க்கு வந்த ஊரைச் சொல்வேன். எதைச் சொன்னாலும் "ரைட்டு" என்பார்.

சாவதற்கு முன் அவர் கடைசியாகப் போட்ட போர், ராசிபுரத்துக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி பாவாயி அக்காவின் மரவள்ளிக் காட்டில் இருக்கிறது. ஆயிரத்து நூறு அடி. அந்தக் காடு இப்போது புதுச் சாலைக்குப் போகிறது. நாளைக்குக் கரண்டைத் துண்டித்துக் குழியை மூடிவிடுவார்கள். எத்தனையோ குழிகளில் உயிரைத் தேடிவிட்டு, அப்பாவின் குழியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கு விட்டால் கிடையாது.

ஒன்பதேகால். ராசிபுரத்தில் டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. வழியெல்லாம் மரவள்ளி. பாவாயி அக்கா நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தார்.

"வா சாமி. உங்கப்பன் மொகத்த அப்படியே உரிச்சு வெச்சிருக்குது."

மோட்டார் போட்டார். தண்ணீர் பொங்கி வந்தது. முதல் பாட்டிலைத் திறந்து நீட்டியவளுக்குத் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

"ஏனுங்க்கா, குழியில ஏதாச்சும் போட்டீங்களா?"

"பிளீச்சிங் பவுடர் சாமி. கிருமி இருக்குதான்னு பாக்க வாரேன்னு போன்ல சொன்னீல்ல? எங்கூட்டுத் தண்ணியில கிருமின்னு நீ எழுதிட்டுப் போனா மானம் போவாதா? ராத்திரியே ரெண்டு கிலோ கொட்டிட்டேன்."

"கிருமி இருக்கோணும்னுதாங்க்கா நான் வந்ததே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. யாரைத் திட்ட? விருந்தாளி வருகிறாளென்று வாசல் தெளிப்பதுபோல் குழியைக் கழுவியிருக்கிறார். போனில் கிருமி என்று சொன்ன என் வாயைத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா வீட்டுக்குள் ஓடி ஒரு சொம்போடு வந்தார். "இது கொட்டறதுக்கு முன்னால புடிச்சு வெச்சது. இது ஆவாதா சாமி?"

ஆகாது. சொம்பும் கையும் காற்றும் பட்ட தண்ணீருக்கு ஆய்வுக்கூடத்தில் மதிப்பில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கினேன், கண்ணை மூடிக் குடித்தேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இரும்பு. இந்த முறை எந்த ஊர் என்று சரியாகத் தெரிந்தது. ரைட்டு என்று சொல்லத்தான் ஆளில்லை.

பதினொன்றரை பஸ்ஸில் ஆறு காலி பாட்டில்களோடு திரும்பினேன். அப்பாவின் குழியில் உயிர் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருந்திருந்தால், அது என் வயிற்றுக்குள் சேலம் வரை வந்தது.