மாதிரிக்குக் கொடுத்த டியூப்

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளச் சைக்கிள் டியூப் கிடக்கிறது. நீளவாக்கில் கத்தரித்து, ஒரு முனையில் கம்பி கோக்கத் துளையிட்ட துண்டு. பெரும்பாறை எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்த அக்கா கொடுத்தது. எனக்கில்லை, என் வழியாக இயந்திரக் கம்பெனிக்கு.

எந்தத் தொழிலில் புது அறிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்து, தொழில்களை வகை பிரிக்கும் ஆய்வு ஒன்றை அப்போது செய்துகொண்டிருந்தேன். படிவத்தோடு நான் போன அன்று, அக்கா இயந்திரத்தின் வாயில் டியூப் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். பழம் உள்ளே போகும். தள்ளிவிடும் கை ரப்பரில் முட்டி நின்றுவிடும்.

"பழம் ஈரமாக் கெடந்தா வாயிலயே அடைச்சுக்கிரும் சார். கைய விட்டுத் தள்ளையில உருளை இழுத்துப்புடும். இதக் கட்டுன பெறகு பயமில்ல. மாதிரிக்கு ஒண்ணு கொண்டுபோயிக் காட்டுங்க. மிஷினு செய்யையிலயே வச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்ல?" என்றார். காட்டுகிறேன் என்றேன்.

என் படிவத்தில் விவசாயத்துக்கு ஒரே வகைதான்: இயந்திரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவர் கற்றுக்கொள்வார். அதில் டிக் அடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் திண்டுக்கல்லில் அந்தக் கம்பெனி மேலாளர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டியூப் பையில்தான் இருந்தது. அந்த ஏசி அறையில், பளபளக்கும் மேசைமேல், புளித்த பழவாடை அடிக்கும் ரப்பரை எடுத்து வைக்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு பருவம் கழித்துப் போனபோது புது இயந்திரம் வந்திருந்தது. பொருத்த வந்த கம்பெனி ஆள், கண்டதைக் கட்டினால் வாரண்டி போய்விடும் என்று அக்கா அதிலும் கட்டிய டியூப்பையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கிறார். அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. இடது கையால் எனக்கு வரக்காப்பி நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சமாதானம் சொன்னார்: "நீங்க சொல்லியிருப்பீங்க சார். அவங்கதான் காதுல போட்டுருக்க மாட்டாங்க." ஆமாம் என்று தலையாட்டினேன்.

போன தையில் அக்கா இறந்துபோனதாகச் செய்தி வந்தது. நான் உண்மையைச் சொல்ல இனி அவர் இல்லை. கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் நான் இப்போது நடத்துவதும் அதே வகைப்பாட்டைத்தான். நேற்று, விற்பவரிலிருந்து வாங்குபவருக்குப் பலகையில் அம்புக்குறி போட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், ரிவர்ஸ்ல அம்பே கெடையாதா?"

இருந்தது, என் பையில் இருந்தது என்று நினைத்துக்கொண்டே பலகையைத் துடைத்தேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். டியூப் விறைத்து வெடிப்பு விட்டிருந்தது. அக்கா போட்ட துளை மட்டும் அப்படியே இருக்கிறது. இதுவரை ஒரு கம்பியும் அதில் நுழையவில்லை.