இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பழனி நடை

இன்று டவுன் பஸ்ஸில் நம்ம ஊர்க் கல்லூரி கால்பந்து அணியின் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காலில் போட முடியாமல் செருப்பைக் கையில் வைத்திருந்தான்.

இந்த சீசனில் ஒரு ஆட்டத்திலும் தோற்காத அணி, நேற்று இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றது. கோப்பைக்காக வேண்டிக்கொண்டு, நான்கு நாள் முன்புதான் பதினொரு பேரும் வெறுங்காலோடு பழனிக்கு நடந்தார்கள். கழுத்தில் சிலுவை போட்ட கோல்கீப்பரும் சேர்த்தி. எல்லோர் பாதத்திலும் கொப்புளம்.

"ஏலே அப்பு, ஜெயிச்சப்புறம் நடங்கன்னு அம்புட்டு சொன்னேனே?"

"போன வருசம் அப்படித்தான் வேண்டுனோம் தாத்தா. தோத்துட்டோம். அதான் இந்தத் தடவ முதல்லயே போயிட்டு வந்துட்டோம்."

"முருகன் உன் காலைக் கேட்டாரா? பந்தை எதை வச்சு உதைப்பே?"

"நடந்ததாலதான் மூணோட போச்சு தாத்தா. இல்லைன்னா அஞ்சு வாங்கியிருப்போம்."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே இறங்கிப் போய்விட்டான்.

நான் சொன்னதுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவனுக்குச் சொல்லப் பதில்தான் இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவன் பக்கம் பேசுகிறவர்கள் எழுத வேண்டாம்.